விரலய்யாவும் மேனேஜரின் சர்க்கரையும்

அந்த வருஷம் ஊரில் பூனை வளர்த்தவர்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: விரலய்யா. ஊசி வேண்டாம், பத்தியம் வேண்டாம், படித்த டாக்டர் வேண்டாம். சர்க்கரை நோய் வந்த பூனையின் நெற்றியில் அவர் ஆள்காட்டி விரலை வைத்தால் போதும், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை பயந்து ஓடிவிடும். எங்கே ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. அற்புதம் நடக்கிற இடத்தில் விலாசம் விசாரிப்பது மரியாதை இல்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் டயர் அடுக்கி வைத்திருந்த கிடங்குதான் அவருடைய வைத்தியசாலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. கூடைகள், கூண்டுகள், ஜிப் வைத்த பைகள். ஒருவர் தன் பூனையைத் தலையணை உறைக்குள் போட்டுக் கழுத்தை மட்டும் வெளியே விட்டிருந்தார். ஒரே மாடிப்படியில் வருஷக்கணக்காக ஏறி இறங்கியும் முகம் பார்த்துச் சிரிக்காதவர்கள்கூட அந்த வரிசையில் சம்பந்திகள்போல் பேசிக்கொண்டார்கள்.

“உங்க பிள்ளைக்கு எவ்வளவு?”

“நானூறு. உங்களுக்கு?”

“முன்னூத்தி எண்பதுதான்.”

பரீட்சை மார்க் பேசுவதுபோலத்தான் இருந்தது. நானூறு வாங்கியவருக்கு முகத்தில் கொஞ்சம் பெருமையும் தெரிந்தது.

அந்த வரிசையில், மடியில் பிரம்புக் கூடையை வைத்துக்கொண்டு ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். எடை அளவுத் துறை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது அவர் உத்தியோகம். எடைக்கல்லின் அடியைக் குடைந்தவன், தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவன், நிறுக்கும்போது சுண்டுவிரலால் அழுத்துகிறவன், யாரும் அவரிடமிருந்து தப்பியதில்லை. “என் கண்ணுல எவனும் மண்ணைத் தூவ முடியாது” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார். உண்மைதான். எவனும் தூவவில்லை. அவரே குனிந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

கூடைக்குள் இருந்த பூனைக்கு மேனேஜர் என்று பெயர். நாள் முழுக்கத் தூங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எழுந்து வீட்டிலிருப்பவர்களை அதட்டுவதால் வந்த பெயர். அந்த மேனேஜர் திடீரென்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். மூத்திரத்துக்கு வைத்த மண் தட்டை நனைத்துத் தள்ளினார். வளைத்து வளைத்துத் தின்றும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. விலங்கு மருத்துவரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார்.

“காலையும் சாயங்காலமும் இன்சுலின் போடணும். அளவை வீட்லயே பாருங்க. இங்க கொண்டு வந்தா பயத்துலயே ஏறிக்கும், அந்தக் கணக்கை நம்ப முடியாது. காது ஓரத்துல ஒரு சின்னக் குத்து, ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.”

குத்து என்ற சொல்லைக் கேட்டதும் ஆய்வாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஊசி என்றால் அவருக்கு உயிர் போய்விடும். தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போனபோது தாதிகள் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒருத்தி கர்ப்பிணி.

தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, நாலைந்து தடவையிலேயே பழகிவிட்டாள். வெதுவெதுப்பான துணியைக் காதில் சற்று நேரம் வைப்பாள். டக்கென்று ஒரு குத்து. பொட்டாக வரும் ரத்தத்தை மீட்டரில் செருகிய பட்டையின் நுனியில் காட்டுவாள். எண் வந்துவிடும். அவள் இதைச் செய்யும்போது கணவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. பூனை சோபாவுக்கு அடியிலேர்ந்து வந்தாச்சு. நீங்களும் வரலாம்.”

நானூறுக்கு மேல் இருந்த அளவு மெல்ல இறங்கி முந்நூறுக்குக் கீழே வந்தது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. எதிர் வீட்டு வக்கீல் விடவில்லை. அவரும் பூனைக்காரர்.

“வாயில்லா ஜீவனைத் தினமும் குத்தறீங்களே சார், மனசு கேக்குதா? விரலய்யாகிட்ட போங்க. அங்க யாரும் நம்பச் சொல்ல மாட்டாங்க. உங்க மீட்டரையே எடுத்துட்டுப் போங்க. எண் சொல்லட்டும்.”

எண் என்றதும் ஆய்வாளர் விழுந்துவிட்டார். வேறு யாராவது வேப்பிலை, விபூதி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அளவு பார்க்கிறவனை அளவைக் காட்டித்தான் பிடிக்க வேண்டும்.

விரலய்யா சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டியிருந்தார், ஒளிவு மறைவு இல்லை என்று காட்ட. அவர் பேசுவதே இல்லை. பேச்சு முழுவதும் பக்கத்தில் ஒலிபெருக்கியோடு நின்ற அவருடைய மச்சானுடையது.

“நம்பாதீங்க, பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு நம்பற கூட்டம் இல்லை நாம.”

நம்பாதீங்க என்று சொன்னவரை அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

மேனேஜரை மேசைமேல் வைத்தார்கள். விரலய்யா ஒரு கிண்ணத்திலிருந்து ஈரமான நீலத் துணியை எடுத்துப் பிழிந்து, பூனையின் காதை அழுத்தித் துடைத்தார். “அடியில ஒளிஞ்சிருக்கற சர்க்கரையை ஐயா மேல கூப்பிடறார்” என்றான் மச்சான். பிறகு அவனே காதைக் குத்தினான். ஆய்வாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் மீட்டரைத் தானே நீட்டினார். ஐந்நூற்றுப் பத்து.

“காலையில வீட்ல இருநூத்தி எழுபதுதானே இருந்துது?”

“உங்க வீட்ல மேல மிதக்கறதை மட்டும் பார்த்தீங்க சார். ஐயா அடிமண்டியையே கிளப்பிட்டார்.”

விரல் நெற்றிக்குப் போனது. விரலய்யாவின் கை வெடவெடவென்று நடுங்கியது. எதையோ பிடுங்கி எறிவதுபோல் உதறினார். மச்சான் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிப் பூனையின் காதை நன்றாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட இன்னொரு குத்துக் குத்தினான். நூற்றைம்பது. கிடங்கு முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது.

மேசைக் காலில் எறும்பு வரிசை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அதைக் கவனிப்பதை மச்சான் கவனித்துவிட்டான்.

“பார்த்தீங்களா சார்? இறங்கின சர்க்கரையைத் தேடி எறும்பு வந்துடுச்சு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

வேண்டாம் என்று ஆய்வாளர் தலையை ஆட்டினார். கள்ளத் தராசைக் கண்டுபிடித்ததற்காகத் துறையில் பாராட்டுப் பத்திரம் வாங்கிய தலை அது.

விரலுக்குக் கட்டணம் இல்லை. பூனையின் கழுத்தில் போட வேண்டிய செம்பு வளையத்துக்கு உண்டு. அது போட்ட நாளிலிருந்து இன்சுலினை நிறுத்திவிட வேண்டும். விரலும் ஊசியும் ஒரே உடம்பில் குடியிருக்காதாம். ஊசி போடாமலிருக்க ஒரு காரணம் விலைக்குக் கிடைக்கிறதென்றால் ஆய்வாளர் வீட்டையே விற்றிருப்பார். வளையம்தானே, மறு பேச்சில்லாமல் வாங்கினார்.

மறுநாள் காலை மனைவி குத்திப் பார்த்தாள். இருநூற்று எண்பது.

“ஐயா விரல் ராத்திரியே வீட்டுக்குப் போயிடுச்சு போல.”

“எல்லாத்துலயும் குதர்க்கம் பேசாதே. கண்ணால பார்த்தேன் நான்.”

“பார்த்தீங்க, சரி. ஊசி எப்பவும்போலத்தான்.” மருந்தை ஏற்றி, பிடரித் தோலை இழுத்துப் போட்டுவிட்டு அலுவலகம் போனாள்.

அந்த வாரமே அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மனைவி புறப்பட வேண்டியதாயிற்று. போகிற அவசரத்திலும் கணவருக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தாள்: எவ்வளவு மருந்து, எங்கே குத்துவது, எப்படி அளவு பார்ப்பது.

“தினமும் பார்த்து எனக்குச் சொல்லணும்.”

“சொல்றேன், நீ கவலைப்படாம போ.”

தினமும் சொன்னார். “நூத்தி எண்பது.” “இன்னிக்கு நூத்தி எழுபது.” ஊசி உறையைப் பிரிக்கவேயில்லை. மீட்டர் அலமாரியில் தூங்கியது. மேனேஜரின் கழுத்தில் வளையம் இருக்கிறது, ஆகவே அளவு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும் என்று மனத்தாலேயே நிறுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். தராசில் வைக்காமல் எடை சொன்ன எத்தனையோ வியாபாரிகளுக்கு அபராதம் போட்டவர்.

மேனேஜர் மறுபடி தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் கிடந்தார். பின்னங்கால்கள் மடங்கி, குதிகால் தரையில் பட நடந்தார். பிறகு சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் மச்சானுக்குப் போன் போட்டார்.

“நல்ல அறிகுறி சார். வெளிய போற சர்க்கரை, போற போக்குல காலை மிதிச்சுட்டுத்தான் போகும். இன்னொரு வளையம் வாங்கிச் சேர்த்துப் போடுங்க.”

போட்டார். தூக்கிக் கழுத்தில் மாட்டியபோது மேனேஜர் ஒரு சத்தமும் போடவில்லை. பழைய மேனேஜராக இருந்தால் மணிக்கட்டைக் கிழித்திருப்பார். கிழிக்க மாட்டாரா என்று ஆய்வாளர் ஏங்கினார். ஆனாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஓடினால் தான் முட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். முட்டாளாக இருப்பதில் அவருக்கு அவ்வளவு சிரமமில்லை, ஒப்புக்கொள்வதில்தான்.

மனைவி திரும்பி வந்து பெட்டியை வாசலிலேயே வைத்தாள். அதட்டிக்கொண்டு ஓடிவர வேண்டிய மேனேஜர் மூலையில் கிடந்தபடியே தலையைத் தூக்கப் பார்த்தார். அவள் கையைக் கழுவிவிட்டு, காதைத் துடைத்து, குத்திப் பார்த்தாள். மீட்டரில் எண்ணே வரவில்லை. தன்னால் அளக்க முடியாத அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது.

“நூத்தி எழுபதுன்னு சொன்னீங்களே,” என்றாள் அவள் மெதுவாக. “எந்த மீட்டர்ல பார்த்தீங்க?”

அவர் கூடையை எடுக்க ஓடினார்.

மருத்துவரம்மா மேனேஜரின் முன்னங்காலில் முடியை மழித்துக் குளுக்கோஸ் இல்லாத உப்பு நீர் ஏற்றினார். கழுத்திலிருந்த இரண்டு வளையங்களையும் கழற்றி ஆய்வாளரின் உள்ளங்கையில் வைத்தார். “நாளைக்குக் கொண்டு வந்திருந்தீங்கன்னா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்பதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆய்வாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிரிக்காத உறைகள், இல்லாத எண்கள், எல்லாம். மனைவி அவர் கையிலிருந்த வளையங்களை வாங்கித் தன் பைக்குள் போட்டாள்.

“எனக்குப் பொய் சொன்னதைப் பத்தி வீட்ல பேசிக்கலாம்,” என்றாள். “அந்தக் கிடங்குல என்ன நடந்துதுன்னு சொல்லுங்க. பக்தர் மாதிரி வேண்டாம். ஒரு கடையில சோதனை போட்டா எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க.”

அவர் சொல்ல ஆரம்பித்தார். “முதல்ல துணியால காதைத் துடைச்சார். அப்புறம் குத்தினாங்க, அளவு ஐந்நூத்திப் பத்து. அப்புறம் விரல். அப்புறம் தண்ணி விட்டுக் கழுவினாங்க. ஈரத்தோடயே குத்தினாங்க, நூத்தம்பது. மேசைக் கால்ல எறும்பு...” நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

“எறும்பு?”

“எறும்பு பூனைகிட்டப் போகலை. விரல்கிட்டயும் போகலை. துணி ஊறின கிண்ணத்துக்குத்தான் போச்சு.” அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “தராசு சரிதான்டி. என் சொந்தத் தராசு. தட்டுல அவன் மெழுகை ஒட்டிட்டு நிறுத்திருக்கான். காதுல குளுக்கோஸ் தண்ணியைத் தடவிட்டு முதல் தடவை பார்த்தான், ஏறிடுச்சு. ரெண்டாவது தடவை பச்சைத் தண்ணியை ஊத்தி ரத்தத்தையே நீர்க்க வெச்சுட்டான், இறங்கிடுச்சு. முதல்ல தட்டைத் துடைன்னு கடைக்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிட்டு வர்றவன் நான்.”

“பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க,” என்றாள் மனைவி. “நாயா இருந்தா முதல் நாளே அந்தத் துணியை நக்கிக் காட்டிக் குடுத்திருக்கும்.”

மேனேஜர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, சாப்பாடு தாமதமானதற்காக அதட்டவும் ஆரம்பித்தார். அதற்கடுத்த ஞாயிறு, கணவனும் மனைவியும் காலிக் கூடையோடு கிடங்குக்குப் போனார்கள்.

அவர்கள் முறை வந்தது. மச்சான் கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

“பூனை எங்க சார்?”

“இன்னிக்கு நோயாளி நான்.”

சிரிப்பு எழுந்தது. ஆய்வாளர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “எனக்குச் சர்க்கரை கிடையாது. முதல்ல அதை எல்லாரும் பார்த்துக்கங்க.” குரல் கம்பீரமாகத்தான் வந்தது. இடது கையை மனைவியிடம் நீட்டியபோதுதான் காலிக் கூடையை மறு கையால் கெட்டியாகப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். “குத்திட்டியா?” என்று கேட்டார். “எப்பவோ” என்றாள் அவள். தொண்ணூற்று நான்கு.

“இப்ப ஐயா என் வலது கையில இருக்கற ஒளிஞ்ச சர்க்கரையை மேல கூப்பிடட்டும்.”

“மனுஷங்களுக்கு ஐயா செய்யறது இல்லை,” என்றான் மச்சான் அவசரமாக.

முன்வரிசையிலிருந்து எதிர் வீட்டு வக்கீல் எழுந்தார். உண்மையான பக்தர், அதனால்தான் காரியம் நடந்தது. “ஐயா, செஞ்சு காட்டுங்க. சந்தேகப்பிராணி வாயை இன்னியோட அடைச்சுடலாம்.” கூட்டமும், செய்யுங்க ஐயா, செய்யுங்க என்றது. வேறு கிண்ணம் எடுக்கப் போன மச்சானின் கையை மனைவி மறித்தாள். “இதே கிண்ணம் போதும்.” அத்தனை பேர் நம்பிக்கையும் கழுத்தைப் பிடித்துத் தள்ள, விரலய்யா நீலத் துணியை எடுத்து ஆய்வாளரின் வலது விரல் நுனியை லேசாக, மிக லேசாகத் தொட்டார். லேசாகத் தொட்டாலும் இனிப்பு இனிப்புத்தான். மனைவி குத்தினாள். நானூற்றுப் பன்னிரண்டு.

“ஐயையோ சார், உங்களுக்கும் சர்க்கரை இருக்கு,” என்றார் வக்கீல்.

“வலது கையில மட்டும் இருக்கு. இடது கை ரொம்ப ஆரோக்கியம். நீங்களே பார்த்தீங்களே.”

விரலய்யா முதல் முறையாக வாயைத் திறந்தார். “நான்தான் உன் உடம்புச் சர்க்கரையை எல்லாம் அந்தக் கைக்கு வரவழைச்சேன்.”

கூட்டத்தில் பாதி ஆமாம் என்று தலையாட்டியது. தானும் அங்கே நின்றிருந்தால் அப்படித்தான் ஆட்டியிருப்பார் என்று ஆய்வாளருக்குத் தெரியும். கோபம் வரவில்லை. கிண்ணத்தை எடுத்து வக்கீலிடம் நீட்டினார்.

“கூப்பிடற தண்ணிதானே? ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க.”

வக்கீல் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். யோசித்தார். இன்னொரு தடவை வைத்தார்.

“இனிக்குது,” என்றார், தோற்ற வழக்கின் தீர்ப்பை வாசிப்பதுபோல.

கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போய்க் காலியாகவே திரும்பியது. மச்சான் நின்ற இடத்தில் ஒலிபெருக்கி மட்டும் நின்றது. மேசைக்கு அடியில் யாரோ குனிந்து குளுக்கோஸ் டப்பாக்களை எடுத்து அடுக்க, விரலய்யா சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்துவிட்டார். இன்சுலினை நிறுத்தியவர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவரம்மாவிடம் ஓடினார்கள்.

எல்லோரும் ஓடவில்லை. பத்துப் பதினைந்து பேர் ஆய்வாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். தலையணை உறைக்காரர் கண் கலங்கியிருந்தார்.

“சார், அந்தாள் கை பொய்க் கை. உங்க கைதான் உண்மையைக் காட்டின கை. ஒரு தடவை என் பூனையைத் தொட்டுக் குடுத்துட்டுப் போங்க சார்.”

ஆய்வாளருக்குச் சிலிர்த்தது. மார்பு விரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: கை அரை அடி முன்னால் போனது. மனைவி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“தொட்டுக் குடுக்க மாட்டார்,” என்றாள் உறைக்காரரிடம். “குத்திப் பார்க்கறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன், வாங்க.”

தலையணை உறைக்காரருக்கு ஏமாற்றமாக இருந்தது. கற்றுக்கொள்வதென்றால் சிரமம், தொட்டுக்கொடுப்பதென்றால் சுலபம். ஊரில் விரலய்யாக்களுக்குப் பஞ்சம் வராததற்கு அது ஒன்றே காரணம். ஆகவே, யாருடைய கையையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளுமுன் ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கழுவிய பிறகும் அற்புதம் மிச்சம் இருந்தால், அப்போது ஒற்றிக்கொள்ளலாம்.